மலைப்பாதையில் நீண்ட பைக் பயணம்: மணிக்கணக்கில் போடும் திட்டம்

மலைக்குப் பைக்கில் போகத் திட்டம் போடுகிறவர்கள் என்னிடம் காட்டும் முதல் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் நாள் 380 கிலோமீட்டர், இரண்டாம் நாள் 420, மூன்றாம் நாள் ஓய்வு என்று எழுதிவிட்டு அதிலும் ஒரு 150. சமவெளியில் இது நடக்கும். மலையில் இந்தத் தாள் இரண்டாம் நாள் மதியத்தோடு செல்லாமல் போய்விடும்.

இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஸ்டெல்வியோ கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 2,757 மீட்டர். வடக்குப் பக்கமிருந்து ஏறினால் சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கியரைக் குறைக்க வேண்டும், மேலிருந்து பேருந்து இறங்குகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு போகும் சைக்கிள்காரருக்கு இடம் விட வேண்டும். ஒரு மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது. மேலே ஏறியதும் வண்டியை நிறுத்தாமல் அப்படியே அந்தப் பக்கம் இறங்கிப் போகிற ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை. அந்த நிறுத்தத்துக்கு ஒரு அரை மணி நேரம். இதே நேரத்தில் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் தாண்டியிருப்போம்.

அதனால் நான் கிலோமீட்டரில் கணக்குப் போடுவதில்லை. நல்ல தார்ச்சாலை என்றால் மலையில் சராசரியாக மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர், உடைந்த சாலை, சரளை என்றால் 20 என்று எழுதிக்கொள்வேன். ஒரு நாளைக்கு வண்டி ஓட்டுவது ஆறு மணி நேரம், அதற்கு மேல் நிறுத்தங்களுக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம். இப்படிப் பார்த்தால் 200 கிலோமீட்டர் என்பது நிறைவான ஒரு நாள். போனில் இருக்கும் வழிகாட்டி காட்டும் நேரத்தை மலையில் அப்படியே நம்ப வேண்டாம். நான் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்வேன். கணக்கு தப்பிச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, எந்த மாதம் போவது? மலையில் கோடை தாமதமாகத்தான் வரும். ருமேனியாவின் டிரான்ஸ்ஃபகரசான் சாலையின் உயரமான பகுதி வழக்கமாக ஜூலை தொடக்கத்தை ஒட்டித்தான் திறக்கும். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஓடும் ‘கோயிங் டு தி சன்’ சாலை பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் முழுதாகத் திறக்கும். மணாலியிலிருந்து லே போகும் சாலையில் பனியை வெட்டி ஒதுக்கி வழி விடச் சில ஆண்டுகளில் மே, ஜூன்கூட ஆகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும். முந்தைய குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பதைப் பொறுத்தது அது. ஆகவே போன வருடம் இந்தத் தேதியில் திறந்தது என்று நம்பி விடுமுறைக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

திறந்தவுடன் போவதிலும் எனக்கு விருப்பமில்லை. இரண்டு பக்கமும் பனிச்சுவர் நிற்கும் படங்கள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுவர் பகலில் உருகிச் சாலையின் குறுக்கே ஓடும், இரவில் அதே நீர் கண்ணுக்குத் தெரியாத ஐஸாக உறையும். தார் விரிசல்களில் புகுந்த நீர் குளிர்காலம் முழுக்க உறைந்து விரிந்து சாலையைப் பிளந்து வைத்திருக்கும். அதைச் சரிசெய்யும் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய மணலும் பொடிக்கல்லும் வளைவுகளில் அப்படியே கிடக்கும். இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கு வளைவின் நடுவில் கிடக்கும் ஒரு கைப்பிடி சரளை போதும். மூன்று வாரம் பொறுத்தால் இதில் பாதி தீர்ந்துவிடும்.

இமயமலைக்கு இன்னொரு கணக்கும் சேர்த்துப் போட வேண்டும். லடாக் மழை மறைவுப் பகுதி என்பது உண்மைதான். ஆனால் அங்கே போய்ச் சேர மணாலி பக்கத்துச் சரிவுகளைத் தாண்டியாக வேண்டும். அங்கே ஜூலையிலும் ஆகஸ்டிலும் பருவமழை கொட்டும், நிலச்சரிவில் சாலை அடைபடும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. ஆல்ப்ஸுக்கு ஜூன் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கம். ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும், அவர்களில் பாதிப் பேர் கேரவனை இழுத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் அதே கணவாயில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

மாதத்தைவிட முக்கியம் நாளின் நேரம். புதிதாக மலைக்கு வருகிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். காலையில் மேகமே இல்லாத வானம். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகும், அந்தச் சூட்டில் காற்று மேலே எழும், பத்து பதினொரு மணிக்குச் சிகரங்களின் மேல் பஞ்சுப் பொதி மேகங்கள் திரளும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அதுவே இடி, மின்னல், ஆலங்கட்டி மழையாக இறங்கும். கோடையில் பல மலைத்தொடர்களில் இதுதான் அன்றாட வழக்கம். கணவாயின் உச்சியில், மரம்கூட இல்லாத வெட்ட வெளியில், மின்னலுக்கு அடியில் பைக்கோடு நிற்க யாரும் விரும்ப மாட்டார்கள். உயரமான இடத்தை மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும் என்பது என் திட்டத்தில் மாற்றாத விதி.

பனி உருகும் ஓடைகளும் இதே கடிகாரத்தில்தான் ஓடுகின்றன. இமயமலையில் பல இடங்களில் ஓடை சாலையின் மேலேயே ஓடும், பாலம் இருக்காது. பகல் முழுக்க உருகிய நீர் பிற்பகலிலும் மாலையிலும் வந்து சேரும். ஒருமுறை மாலை நாலரைக்கு அப்படி ஓர் ஓடைக்கு வந்தோம். முழங்கால் ஆழத்துக்குப் பழுப்பு நிற வெள்ளம், அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரி ஓட்டுநர் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி கையை விரித்து, தூங்கும் சைகை காட்டினார். பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கினோம். மறுநாள் காலை ஆறரைக்கு அதே இடத்தில் பூட்ஸின் பாதிதான் நனைந்தது.

ஓடையைக் கடக்கும்போது முதல் கியர், ஏற்றி இறக்காமல் சீரான ஆக்சிலரேட்டர், கண் எதிர்க்கரையில். உங்களுக்கு முன் இன்னொரு வண்டி போவதைப் பார்த்தாலே எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும், அதற்காகப் பத்து நிமிடம் காத்திருக்கலாம். கடந்த பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்தி ஈரத்தைப் போக்கிவிட்டு வேகமெடுங்கள்.

மாலையும் மலையில் சீக்கிரம் வரும். நாள்காட்டியில் சூரிய அஸ்தமனம் எட்டு மணி என்றிருந்தாலும், ஆழமான பள்ளத்தாக்கில் மேற்குச் சிகரம் ஆறு மணிக்கே வெயிலை மறைத்துவிடும். ஆடு மாடுகள் சாலைக்கு வரும் நேரமும் அதுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நாள் தானாகவே உருவம் பெற்றுவிடும்: ஆறரைக்குக் கிளம்பு, பதினொன்றுக்குள் கணவாயைத் தாண்டு, மூன்று நாலு மணிக்குத் தங்குமிடம். மிச்ச நேரத்தில் செயினுக்கு எண்ணெய் போடலாம், துணி துவைக்கலாம், அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் தாண்டி ஓடுவதில் இல்லாத சுகம் இதில் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் திட்டம் கலையும். சாலையில் பாறை விழும், மழை விடாது, யாருக்காவது வயிறு கெடும். நாலு நாளுக்கு ஒரு நாளைக் காலியாக விட வேண்டும் என்பது என் பழக்கம். காலி என்றால் உண்மையிலேயே காலி. ‘பக்கத்தில் இருக்கும் ஏரிக்கு ஒரு நடை’ என்று அதில் எதையும் எழுதி வைக்கக் கூடாது. தங்குமிடத்தில் முதல் இரவையும் கடைசி இரவையும் மட்டும் முன்பதிவு செய்வேன். நடுவில் உள்ளதை முந்தைய நாள் மாலை போன் செய்து பிடித்துக்கொள்ளலாம். கூட்டம் அதிகமுள்ள பருவம் என்றால் ரத்து செய்ய முடிகிற பதிவாகப் பாருங்கள். பதினைந்து இரவுக்கும் பணம் கட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள், சாலை அடைபட்ட அன்று பணத்தைக் காப்பாற்றுவதற்காகப் புயலுக்குள் வண்டியை விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாதையை வரையும்போதும் இதை மனதில் வைக்கலாம். முதலில் ஒரு முதுகெலும்பு போடுங்கள்: தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை, தேவைப்பட்டால் வேகமாகக் கடக்கக்கூடிய பெரிய சாலை. அப்புறம் அதிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து திரும்பி வந்து சேரும் சின்னச் சுற்றுகளாக, பார்க்க ஆசைப்படும் கணவாய்களைச் சேருங்கள். இரண்டு நாள் பின்தங்கினால் ஒரு சுற்றை வெட்டிவிடலாம், மற்ற பயணம் கலையாது. ரொம்ப ஆசைப்படும் இடத்தைக் கடைசியில் வைக்காமல் முதல் பாதியில் வையுங்கள். கடைசிக்குத் தள்ளியதெல்லாம்தான் முதலில் வெட்டுப்படும்.

உயரத்துக்கு வருகிறேன். ஆல்ப்ஸில் உயரமான கணவாய்கள் பெரும்பாலும் 2,000 முதல் 2,800 மீட்டருக்குள் முடிந்துவிடும், ஏறி உடனே இறங்கிவிடுவோம். இமயமலையும் ஆண்டீஸும் வேறு. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, அதாவது ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. நடந்து ஏறுகிறவனுக்கு இந்த உயரத்தை எட்டப் பல நாள் ஆகும், அதற்குள் உடல் பழகிக்கொள்ளும். பைக் அதே ஏற்றத்தை ஒரு மதியத்தில் முடித்துவிடுகிறது. ஓட்டுகிறவர் களைப்படையாமலே ஏறிவிடுவதால் எவ்வளவு ஏறினோம் என்பதே உறைக்காது.

மலையேற்ற மருத்துவர்கள் சொல்லும் விதி எளியது: 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்கு. பகலில் உயரமான கணவாயைத் தாண்டி இறங்கித் தூங்கினால் பிரச்சினை குறைவு. கணக்கில் வருவது தூங்கும் உயரம். சாலைப் பயணத்தில் இந்த 500 மீட்டரை எல்லா நாளும் காப்பாற்ற முடியாது, தங்குமிடங்கள் அப்படி வசதியாக அமைந்திருக்காது. அதனால் ஒரு பெரிய தாவலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு இரவு கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன காலி நாட்கள் இங்கேதான் உதவும்.

எங்களோடு வந்த நண்பர் ஒருவருக்கு 4,000 மீட்டருக்கு மேல் ஒரு முகாமில் மாலையில் தலைவலி ஆரம்பித்தது. சாப்பாடு வேண்டாம் என்றார், எரிச்சலாகப் பேசினார். குழுவிலேயே பலசாலி அவர்தான். உடல் வலுவுக்கும் உயரத்தால் வரும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. அவர் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு வாடகை ஜீப்பில் 1,000 மீட்டர் கீழே கூட்டிப்போனோம். மறுநாள் காலை நன்றாகச் சாப்பிட்டார். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்றால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். நடக்கும்போது கால் தள்ளாடினால், பேச்சு குழம்பினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும் நிலையாக இருக்கலாம். அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். இந்த நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்புவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மறக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும்.

பைக்குக்கும் இதே மூச்சுத் திணறல்தான். தோராயமாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் என்ஜினின் இழுவையில் பத்தில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துபோகும். புகை வரும், வண்டி நிற்கும்போது என்ஜின் தானே அணையும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் இழுவையைத் திருப்பித் தர அதனாலும் முடியாது. இருவரும் லக்கேஜுமாகச் சின்ன வண்டியில் 5,000 மீட்டர் ஏறப் போகிறீர்கள் என்றால், செங்குத்தான வளைவில் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டிவரலாம் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

வண்டியைத் தயார் செய்வதில் எல்லோரும் என்ஜினைப் பற்றியே பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது பிரேக். மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் வண்டியைச் சோதிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் டிஸ்க்கும் பேடும் கொதித்து, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஈரம் சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்குத் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உருவாகும், லீவர் கைப்பிடி வரை மெத்தென்று வந்து முட்டும், வண்டி நிற்காது. கூட வந்த ஒருவருக்கு ஒரு நீண்ட இறக்கத்தில் பின் பிரேக் இப்படித்தான் காணாமல் போனது. கியரைக் குறைத்து, முன் பிரேக்கால் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் பழைய நிலைக்கு வந்தது. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள், ஆகும் செலவு அற்பம். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்கி வேகத்தை என்ஜினே பிடித்துக்கொள்ளும்படி விடுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிட வேண்டும். லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் கெடுதல்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பாதி தேய்ந்த டயரோடு கிளம்பாதீர்கள். தேய்மானம் சரியாக நல்ல மெக்கானிக் கிடைக்காத இடத்தில்தான் எல்லையைத் தொடும். புது டயர் மாட்டினால் கிளம்புவதற்கு முன் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி அதன் வழுவழுப்பைப் போக்கிவிடுங்கள். டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றடிப்பானும் போதும். டியூப் உள்ள சக்கரம் என்றால் அதைக் கழற்றி மாட்டுவதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள். கிளட்ச் கேபிளுக்கு ஒரு மாற்று எடுத்துப் போவதைவிட, பழைய கேபிளை ஒட்டியே புதியதையும் ஓடவிட்டுக் கட்டிவைப்பது புத்திசாலித்தனம். அறுந்த இடத்தில் டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனையை மட்டும் மாட்டினால் போதும்.

லக்கேஜில் எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கனமானவை கீழேயும் முன்னாலும், கருவிகளும் தண்ணீரும் சைடு பேகின் அடியில். பின்னால் உயரத்தில் இருக்கும் டாப் பாக்ஸில் கனத்தை ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஏற்றமான கொண்டை ஊசி வளைவில், ஊர்ந்து போகும் வேகத்தில், ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. எடை ஏற்றிய பிறகு பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் (பிரீலோடு), டயர் காற்றையும், செயின் தளர்வையும் கையேட்டில் உள்ளபடி மறுபடி பார்க்க வேண்டும். ஹெட்லைட்டையும்தான், இல்லையென்றால் அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். இதையெல்லாம் கிளம்பும் அன்று காலையில் செய்ய முடியாது. இரண்டு வாரம் முன்பே முழுச் சுமையோடு ஒரு வார இறுதியில் போய்வாருங்கள். முடிந்தால் மழை நாளில். குறுகிய சாலையில் முழுச் சுமையோடு யு-டர்ன் அடித்துப் பழகுங்கள். அந்த ஒத்திகையிலிருந்து திரும்பியதும் பையிலிருந்து எதையெல்லாம் வெளியே எடுக்கத் தோன்றுகிறதோ அதையெல்லாம் எடுத்துவிடலாம்.

உயரம் லக்கேஜ் பைகளுக்குள்ளேயும் வேலை காட்டும். கீழே இறுக மூடிய ஷாம்பு பாட்டில் மேலே போகும்போது காற்றழுத்தம் குறைந்து உப்பி, மூடி வழியாகக் கக்கிவிடும். பெட்ரோல் கேனும் உப்பும். அதை மெதுவாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறங்கள்.

பெட்ரோல் பற்றிப் பேசும்போது தண்டி நினைவுக்கு வருகிறது. மணாலி–லே சாலையில் அந்த ஊர் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று சொல்லும் பலகை பைக்காரர்கள் மத்தியில் புகழ்பெற்றது. அவ்வளவு இல்லாவிட்டாலும், மலையில் நூறு கிலோமீட்டருக்கு பங்க் இல்லாமல் இருப்பது சாதாரணம். முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது மைலேஜ் சமவெளியில் இருப்பதைவிட நன்றாகக் குறையும், அதனால் டேங்கின் தூரத்தில் கால் பங்கைக் கழித்தே கணக்கிடுங்கள். பாதி டேங்க் இருக்கும்போது பங்க் கண்ணில் பட்டால் நிரப்பிவிட வேண்டும்.

உடைக்கு ஒரே கணக்கு போதும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். 500 மீட்டர் உயரப் பள்ளத்தாக்கில் 30 டிகிரி என்றால் ஸ்டெல்வியோ உச்சியில் 15, அதிலும் ஓடும் வண்டியில் முகத்தில் அடிக்கும் காற்று வேறு. ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட, மெல்லிய அடுக்குகள் மூன்று நல்லது. மழை உடையைப் பையின் அடியில் வைக்காதீர்கள். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மற்றொன்று. விரல் மரத்துப்போனால் கிளட்சும் பிரேக்கும் தாமதமாகும், குளிர் அங்கே வெறும் அசௌகரியமாக நிற்பதில்லை. கறுப்பு வைசர் போட்டிருந்தால் சுரங்கப்பாதைக்கு முன்பே அதைத் தூக்கிவிடுங்கள்: வெளியே கண் கூசும் வெயில், உள்ளே விளக்கில்லாத ஈரத் தரை.

காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லை தாண்டினால் பல நாடுகளில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். அதில் 1949 ஒப்பந்தம், 1968 ஒப்பந்தம் என்று முக்கியமாக இரண்டு வகை உண்டு, போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். காப்பீடு அந்த நாட்டில் செல்லுமா, மலையிலிருந்து உங்களை மீட்கும் செலவும் வண்டியைத் தூக்கி வரும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் விதிகளையும் தேடிப் படிக்க வேண்டும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் 2020 முதல் சில மலைச்சாலைகளில் கோடை மாதங்களில் ஒரு தடை இருக்கிறது: பதிவுச் சான்றில் வண்டியின் நின்ற நிலை இரைச்சல் 95 டெசிபலுக்கு மேல் குறிக்கப்பட்டிருந்தால் நுழைய முடியாது. சைலன்சரை மாற்றவே இல்லை என்று சொல்லிப் பயனில்லை, அவர்கள் பார்ப்பது தாளில் இருக்கும் எண்ணை. எல்லைப்புறப் பகுதிகளுக்கு அனுமதிச் சீட்டு கேட்கும் இடங்களில் அதன் நகல்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் ஒவ்வொருவரும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள், மலையில் சிக்னலை எதிர்பார்க்க முடியாது. ‘குறைந்த தூரம்’ என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். அது உங்களைக் காட்டுக்குள் லாரிகள் போகும் மண் பாதைக்குள் அனுப்பிவிடும். காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். மாலையில் மேசைமேல் விரித்து வைத்து நாலு பேர் சேர்ந்து பார்க்கப் போன் திரை உதவாது.

நாலு பேர் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. நான் பார்த்தவரை நீண்ட பயணங்கள் பாதியில் முடிவது வண்டி கெட்டதால் அல்ல, மனிதர்கள் கசந்ததால். ஒருவருக்கு விடியலில் கிளம்ப வேண்டும், இன்னொருவருக்கு ஒன்பது மணிக்கு முன் பேச்சே வராது. ஒருவர் வளைவுக்கு வளைவு படம் எடுப்பார், இன்னொருவருக்கு வண்டியை நிறுத்தினாலே கோபம் வரும். இவற்றைக் கிளம்புவதற்கு முன் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்: எத்தனை மணிக்குக் கிளம்புவது, தங்குமிடத்துக்கு எவ்வளவு வரை செலவழிப்பது, மழை என்றால் யார் முடிவெடுப்பது, ஒருவர் வண்டி கெட்டு இரண்டு நாள் ஆகும் என்றால் மற்றவர்கள் நிற்பதா போவதா. கடைசிக் கேள்வியை எல்லோரும் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளுவார்கள். அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

வரிசையாக ஒட்டிக்கொண்டு ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. பின்னால் வருகிறவர் சாலையைப் பார்க்காமல் முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்ப்பார், தன்னால் முடியாத வேகத்தில் வளைவுக்குள் நுழைவார். அடுத்த சந்திப்பு இன்ன இடம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேகத்தில் போவதே நல்லது. பாதை பிரியும் இடத்தில் மட்டும் முன்னால் போகிறவர் நின்று, பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகு நகர வேண்டும். அன்றைய தூரத்தைக் குழுவில் மிகக் குறைந்த அனுபவம் உள்ளவரை வைத்துத் தீர்மானியுங்கள். நான்கைந்து பேருக்கு மேல் போனால் ஒரு தேநீர் நிறுத்தம்கூட முக்கால் மணி நேரம் ஆகும். தனியாகப் போகிறவர்கள் ஒவ்வொரு நாள் பாதையையும் வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி இருந்தால் இன்னும் நிம்மதி.

திரும்பும் நாளைப் பலரும் திட்டத்திலேயே சேர்ப்பதில்லை. மலை முடிந்ததும் ஒரே மூச்சில் 600 கிலோமீட்டர் அடித்து வீடு சேர்ந்துவிடலாம் என்று நினைப்பார்கள். இரண்டு வாரக் களைப்பு உடம்பில் தேங்கியிருக்கும், மலையில் இருந்த விழிப்பு நேரான சாலையைப் பார்த்ததும் தளர்ந்துவிடும். அந்தத் தூரத்தை இரண்டு நாளாக உடைத்து, வேலைக்குத் திரும்புவதற்கு முன் ஒரு நாளையும் விட்டுவையுங்கள். அந்த நாளில் வண்டியைக் கழுவி, பிரேக் பேடின் தடிமன், ஏர் ஃபில்டர், ஸ்போக்குகள், ஸ்டியரிங் பேரிங் ஆகியவற்றைப் பார்த்து, மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியதை எழுதிவிடலாம். தூசிப் பாதையில் போய்வந்த ஏர் ஃபில்டரை நேராகப் புதியதாகவே மாற்றிவிடுங்கள், தட்டிப் போட்டு ஓட்ட வேண்டாம்.